மின்விசிறிக்குக் கீழே இருந்த கட்டில்

1

இந்தக் கதை ஒரு சிரிப்பில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயிற்றில் கட்டியோடு ஆஸ்பத்திரியில் கிடக்கும் என் அக்கா, போனில் ஒரு சம்பவத்தைச் சொன்னாள். சிரித்தால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். பிறகு, "இதை எழுதுடா. எங்க சபைப் பத்திரிகையில போடுவாங்க. 'துன்பத்தில் சமாதானம்'னு தலைப்பு வெச்சுக்க" என்றாள்.

தலைப்பை மாற்றிவிட்டேன். நான் சபைப் பக்கம் தலைகாட்டுவது கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும்தான். என்னைப் போய் இதை எழுதச் சொன்னது, குருடனை ராஜமுழி முழிக்கச் சொன்ன மாதிரிதான்.

2

முதல் தொடக்கம்: "விடியலின் பொன்னொளி வார்டின் ஜன்னல் வழியே பாய்ந்து"

வேண்டாம். அந்த ஜன்னலுக்கு எதிரே லிஃப்டின் சுவர்தான் இருக்கிறது.

இரண்டாவது: "அவள் முகத்தில் ஒரு தெய்வீக அமைதி"

அக்காவிடம் படித்துக் காட்டினேன். "யார்ரா இவ?" என்று கேட்டாள்.

மூன்றாவது: அக்கா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்ததும் அவள் செய்த முதல் வேலை, விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தது. "மடிப்பே விழல. ஏனோதானோன்னு தேச்சிருக்காங்க" என்றாள். இது அவள்தான். இங்கிருந்தே தொடங்கலாம்.

3

அக்காவின் கட்டிலுக்கு மேலே மின்விசிறி சுற்றியது. பக்கத்துக் கட்டிலுக்கு மேலே இருந்தது சுற்றவில்லை. அந்தக் கட்டிலில் இருந்த அம்மா, டீ ஆறிப்போனதற்கு ஒரு சண்டை, ஊசி வலித்ததற்கு ஒரு சண்டை, காற்று வராததற்கு ஒரு சண்டை என்று வார்டையே ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க யாரும் வந்ததில்லை.

மத்தியானம் அக்காவை ஸ்கேனுக்குக் கூப்பிட்டார்கள். போகும்போது அந்த அம்மாவிடம், "நான் வர்ற வரைக்கும் என் கட்டில்ல படுத்துக்கங்க, காத்து வரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவரும் மாறிப் படுத்து, தலையோடு காலாகப் போர்த்திக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து ஜெபக்குழு வந்தது. தலைமை, மைக் அண்ணன்.*

*மைக் தேவைப்படாத தொண்டை என்பதால் வந்த பெயர். பிழைப்புக்குப் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார்.

அக்கா தூங்குகிறாள் என்று நினைத்து, கட்டிலைச் சுற்றி நின்றார்கள். போர்வைக்கு மேலே கை வைத்தார்கள். கண்ணை மூடினார்கள். அந்தக் குழுவில் ஒருமுறை மூடிய கண்ணை ஆமென் சொல்லும்வரை திறப்பதில்லை. இன்னொரு பழக்கமும் உண்டு. கொடு என்று கேட்க மாட்டார்கள், கொடுத்தாயிற்று என்று நன்றி சொல்வார்கள்.

"எங்க சகோதரியைச் சுகமாக்கினதுக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே!"

மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர் அப்படியே நின்றுவிட்டாராம். பாதி ஜெபத்தில் அக்கா சக்கர நாற்காலியில் திரும்பி வந்தாள். தள்ளிவந்த ஆயா, "கட்டில் மாறிப்போச்சு" என்று சொல்ல வாயெடுத்தார். அக்கா அவர் கையைப் பிடித்து அழுத்தினாள்.

4

இங்கேதான் எனக்குக் கதை இடறுகிறது. "அப்போது அவள் உள்ளத்தில் சொல்லொணாச் சமாதானம்" [பாதியில் விட்டேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.] போன் போட்டு அவளையே கேட்டேன்.

"சமாதானமா? கடுப்புடா! எனக்குன்னு வந்த ஜெபத்தை இந்தம்மா வாங்கிட்டாங்களேன்னு இருந்துச்சு."

"அப்புறம்?"

"போர்வை குலுங்கிச்சு. உள்ள அழறாங்கன்னு தெரிஞ்சுது. நானும் கண்ணை மூடி, அவங்களுக்காகவே ஸ்தோத்திரம் பண்ணேன். ஆமென் சொல்றப்பதான் தோணுச்சு, இவ்வளவு நேரம் என் வயித்தை நினைக்கவே இல்லையேன்னு."

"அதான் சமாதானமா?"

"பேரெல்லாம் தெரியல. நல்லா இருந்துச்சு. அப்புறம் பயம் திரும்பி வந்துச்சு. அதையும் எழுது, விட்டுட்டா பொய்யாயிடும்."

எழுதிவிட்டேன்.

கண்ணைத் திறந்த மைக் அண்ணன், போர்வை விலகித் தெரிந்த வேறு முகத்தையும் தனக்குப் பின்னால் அக்காவையும் பார்த்து, பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார். "ஐயோ, முதல்லேருந்து பண்ணிடலாம்மா" என்றார். "எது யார் கட்டில்னு ஆண்டவருக்குத் தெரியாதா அண்ணே?" என்று அக்கா கேட்டாள். "வேணும்னா இந்தம்மாவுக்கு ஒரு தடவை பண்ணுங்க, அவங்க பேரைச் சொல்லி."

அந்த அம்மா அன்றைக்கு யாரோடும் சண்டை போடவில்லை. அக்காவிடம் மட்டும் சொன்னாராம்: "ஆள் மாறி ஜெபம் பண்றாங்கன்னு அப்பவே தெரியும். என் மேல ஒருத்தர் கை வெச்சு எவ்வளவோ காலமாச்சு. அதான் எந்திரிக்கல."

5

முடிவு ஒன்று: கட்டி சாதாரணக் கட்டி. சபையே கைதட்டுகிறது. பத்திரிகைக்கு ரொம்பப் பிடிக்கும்.

முடிவு இரண்டு: பக்கத்துக் கட்டில் அம்மா சுகமாகி வீட்டுக்குப் போகிறார், ஆனால் அக்கா

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். நான் அவள் தம்பி.)

6

இதை ஆபரேஷன் அறைக்கு வெளியே இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். கட்டி எப்படிப்பட்டது என்று திறந்து பார்த்தால்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்முன் அக்கா, "ஸ்தோத்திரம்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புடா" என்றாள்.

"இப்ப எதுக்குக்கா? நல்லபடியா முடியட்டும், சொல்றேன்."

"முடிஞ்சப்புறம் யார் வேணா சொல்லுவாங்க."

அவள் கை சில்லென்று இருந்தது. கதவு மூடிக்கொண்டது. எனக்குப் பயமாக இருக்கிறது. இதுவரை ஏதோ அடுத்த வீட்டுக் கதைபோல எழுதிக்கொண்டு வந்ததெல்லாம் அந்தப் பயத்தால்தான்.

இப்போது பக்கத்துக் கட்டில் அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

"என்ன எழுதறீங்க?"

"கதைம்மா."

"அக்கா உள்ள இருக்காங்க. இப்பப் போயி கதையா?" கொஞ்ச நேரம் கதவையே பார்த்தார். "எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாது தம்பி. கண்ணை மூடத் தெரியும். நீங்களும் மூடுங்க."

என் தோளில் கை வைத்திருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு எழுத முடியாது. அதனால் பேனாவை மூடுகிறேன். அக்காவிடம் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வார்த்தை வருகிறதா பார்க்கிறேன். ஜெபக்குழுவின் பழக்கப்படி ஆமென் வரைக்கும் திறக்கக் கூடாது. அதற்குள் கதவு திறந்தால், நீங்கள்தான் பார்க்க வேண்டும். டாக்டர் வந்தால், கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.