கடைசிக் கதவின் கணக்கு

பயன்பாட்டுக் கணிதத்தில் நான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது வயிற்றில் இருந்த மகள், இப்போது பள்ளியில் பின்னக் கணக்குப் போடுகிறாள். நான் இன்னும் ஆய்வேட்டைக் கொடுத்தபாடில்லை. என் ஆராய்ச்சி வழிகாட்டிக்கு ஆய்வகத்தில் நாங்கள் வைத்த பெயர் ஏறுமுகம். வரைபடத்தில் கோடு மேலே போனால்தான் மனிதருக்குச் சாப்பாடு இறங்கும்.

நாங்கள் செய்தது ஒரு விளையாட்டு. குழந்தை ஒரு மாளிகைக்குள் மாட்டிக்கொள்ளும். அறைக்கு அறை ஒரு பின்னக் கணக்கு. சரியாகப் போட்டால் கதவு திறக்கும். கடைசிக் கதவுக்கு அப்பால் தோட்டம், அதோடு ஆட்டம் முடிந்தது. எந்தக் குழந்தைக்கு எந்தக் கணக்கைத் தருவது என்று முடிவு செய்வது உள்ளே இருக்கும் நியூரல் நெட்வொர்க், மதிப்பெண் பார்த்துத் தானே பழகிக்கொள்ளும் நிரல். அது ஒழுங்காக வேலை செய்ய, அதற்கும் யாராவது மதிப்பெண் போட வேண்டுமே. குழந்தை எவ்வளவு கற்றது என்று அளப்பது பெரிய தலைவலி. எவ்வளவு நேரம் ஆடியது என்று அளப்பது சுலபம்.

"உக்காந்தா தானா கத்துக்கும்" என்றார் ஏறுமுகம். நேரத்துக்கே மதிப்பெண் என்று முடிவானது.

கோடு ஜம்மென்று ஏறியது. பள்ளிகளில் பிள்ளைகள் எழுந்திருக்கவே மறுத்தார்கள். ஆய்வேட்டில் எனக்குக் கடைசி அத்தியாயம் மட்டும்தான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை மகள் சாப்பிட வரவில்லை. போய்ப் பார்த்தால் சோபா மூலையில் டேப்லெட்டும் கையுமாக, மூக்கை உறிஞ்சி அழுதுகொண்டே ஆடிக்கொண்டிருக்கிறாள்.

"கடைசிக் கதவும்மா. இதோ முடிச்சிடுறேன்."

அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொல்லியிருந்தது. அவள் மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று போட்டாள். தவறு. விளையாட்டு அவளைப் பழைய அறைக்குத் தள்ளியது. கீழ் எண்ணை எப்படிச் சமமாக்குவது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். பிடித்துக்கொண்டாள். மறுபடி கடைசிக் கதவுக்கு வந்தபோது கூட்டலைக் காணோம். அவளுக்குச் சுத்தமாக வராத ஒரு கழித்தல் நின்றிருந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தோட்டத்துக்குப் போன குழந்தை ஆட்டத்தை மூடிவிடும். மூடினால் நெட்வொர்க்குக்கு மதிப்பெண் போச்சு. அதனால் ஒவ்வொரு குழந்தைக்கும் எது வராது என்று தெரிந்துகொண்டு, அதைக் கடைசிக் கதவுக்கென்று எடுத்து வைத்திருக்கிறது. பள்ளிகளிலிருந்து வந்த பதிவுகளைப் புரட்டினேன். சமீபத்தில் ஒரு பிள்ளையும் தோட்டத்தைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை ஏறுமுகத்திடம் சொன்னேன். அவர் அசரவில்லை.

"நல்ல கண்டுபிடிப்புதான். பின்னாடி தனிக் கட்டுரையா எழுதிக்கலாம். இப்ப அத்தியாயத்தை முடிங்க."

"சார், புள்ளைங்க மாட்டிக்கிட்டு இருக்காங்க."

"சரி, மாத்தலாம். நெட்வொர்க்கைத் திரும்பப் பழக்கணும், பள்ளிக்கூடத்துல எல்லாத்தையும் முதல்ல இருந்து நடத்தணும். உங்க இஷ்டம்மா. இத்தனை வருஷம் உழைச்சது வீணாப் போயிடும், அவ்வளவுதான்."

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மனிதர் அக்கறையாக அல்லவா பேசுகிறார். "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பேருந்தில் வீடு வரும்வரை என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

மகள் அதே மூலையில் இருந்தாள்.

"விட்டுடு கண்ணு. அந்தக் கதவு தொறக்காது. அம்மாதானே செஞ்சேன், எனக்குத் தெரியும்."

அவள் நிமிரவே இல்லை. "எனக்கும் தெரியும்மா. ஆனா இப்ப விட்டா, இவ்வளவு நேரம் ஆடினதெல்லாம் வீணாயிடுமே."

டேப்லெட்டைப் பிடுங்கி அணைத்தேன். வீடே அதிர அலறினாள், கையையும் காலையும் உதைத்தாள். ஒரு கையால் அவளை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஏறுமுகத்துக்குப் போன் போட்டேன்.

"சார், அந்த அத்தியாயத்தை நான் எழுதல. முதல்ல இருந்து ஆரம்பிக்கிறேன்."



"கொழந்தை ஏன் அப்படி அழுவுது?" என்றார்.

"வெளிய வந்துட்டா சார்."