பால் லோரிக்குக் குறை சொன்னவர்

புந்தோங் கனகராஜ் முதன்முதலாகத் தரையை விட்டு எழும்பியது 1986ஆம் ஆண்டு ஆடித் திருவிழாவில். சிம்பாங் பூலாய்க்கு அப்பால் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்துத் திடலில் ‘பால் லோரி’ இசைக்குழுவின் இரண்டாவது பாட்டு நடந்துகொண்டிருந்தது. ஒரு சாண் எழும்பியிருப்பார். பெரிய உயரம் என்று சொல்ல முடியாது. பின்னால் நின்றவர்கள், “அண்ணே, மறைக்குது, கொஞ்சம் எறங்குங்க லா” என்றார்களே தவிர, யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. மேடையில் நடந்துகொண்டிருந்தது அதைவிடப் பெரிய சங்கதி.

அந்த எண்பதுகளில் மலேசியாவின் ஈப்போ நகரில் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் ஒரு பாண்ட் இருந்தது. லண்டன்காரர்களைப் பார்த்துக் கண்ணுக்கு மை போட்டுக்கொண்டவர்கள் இருந்தார்கள். மலாய்க்காரப் பையன்களோடு சேர்ந்து ரோக் காப்பாக் என்ற மலாய் ராக் இசை வாசித்துத் தொண்டையைக் கிழித்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். ஜீன்ஸ் இறுக்கத்தில் உட்கார முடியாமல் நின்றபடியே சோறு தின்றவர்களும் இருந்தார்கள். எல்லாரும் கெட்டிக்காரர்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பால் லோரி வேறு. நான்கு பையன்கள், பாடுவதற்கு நவமணி என்ற பெண், ஐவரும் தோட்டத்துப் பிள்ளைகள். ரப்பர் பால் ஏற்றிப்போகும் லோரியிலேயே டிரம்மையும் ஸ்பீக்கரையும் அள்ளிப்போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். அவர்கள் மேடையேறினால் புளித்த பால் வாடை முன்வரிசை வரை அடிக்கும். விடிவதற்கு முன் தோட்டத்து ஆட்களை வேலைக்கு வரிசையில் நிறுத்த ஒரு தண்டவாளத் துண்டைத் தட்டுவார்களே, பெரட்டு மணி, அதைக் கொண்டுவந்து மேடையில் தொங்கவிட்டிருந்தார்கள். பாட்டு தொடங்கும்போது டிரம்காரர் அதில் ஓர் அடி அடிப்பார். திடலில் இருக்கும் அத்தனை பேரின் முதுகும் தானாக நிமிரும். ஆயுள் முழுக்க அந்தச் சத்தத்தைச் சபித்துக்கொண்டே எழுந்தவர்கள் அல்லவா! அடுத்த நொடி கிட்டார் உள்ளே பாயும், நவமணி வாயைத் திறப்பார், சபித்த அதே சத்தத்துக்கு அவர்கள் ஆட ஆரம்பிப்பார்கள். இப்படி ஒன்றைச் செய்த பாண்டை வேறெங்காவது காட்டட்டும், நான் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன்.

கனகராஜ் எழும்பியபோது பக்கத்தில் நின்றவர் ஆம்புரோஸ். சிலிபின்காரர், தேவாலயத்தில் பாடுகிறவர், அதுவரை முன்பின் அறியாத ஆள். அவர் அண்ணாந்து பார்த்து, “கிட்டார்ல மூணாவது கம்பி சுதி எறங்கியிருக்கு, கவனிச்சீங்களா?” என்றார். கனகராஜ் தொப்பென்று தரைக்கு வந்தார். வந்த வேகத்தில், “யார்ரா நீ?” என்று ஆம்புரோஸின் சட்டையைப் பிடித்தார். அன்று பிடித்த பிடிதான், இன்றுவரை இரண்டு பேரும் பிரியவில்லை.

பால் லோரி ஒரே ஒரு கேசட் போட்டது. பிறகு தோட்டம் விற்கப்பட்டது, பால் மரங்கள் இருந்த இடத்தில் தாமான் குடியிருப்பு வீடுகள் வந்தன, நவமணி ஜொகூரில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்விட்டார், பையன்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். கனகராஜ் புந்தோங்குக்கு வந்து பள்ளி வேன் ஓட்டினார். ஆனால் யாராவது பால் லோரியைப் புகழ்ந்துவிட்டால் எழும்பும் வழக்கம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. குமுதாவைக் கைப்பிடித்த நாளில் எவனோ விவரம் தெரியாதவன் அந்தக் கேசட்டைப் போட்டுவிட்டு “சூப்பர் பாட்டு லா” என்றதில், மாப்பிள்ளை மாலையோடு மின்விசிறிப் பக்கம் போய்விட்டார். ஆம்புரோஸ்தான் பந்தியிலிருந்து ஓடிவந்து, நவமணி மேல் சுதியில் ‘ழ’ வரும் இடத்தையெல்லாம் விழுங்கிவிடுகிறார் என்று சொல்லி இறக்கினார். வேன் ஓட்டும்போது சீட் பெல்ட் இல்லாமல் கனகராஜ் ஒரு நாளும் வண்டியை எடுத்ததில்லை. ஈப்போவில் சட்டத்துக்குப் பயந்து என்றில்லாமல் சொந்த விருப்பத்தில் பெல்ட் போட்ட முதல் ஆள் அவராகத்தான் இருக்கும். பின்சீட்டுப் பிள்ளைகள், “அங்கிள், பால் லோரி பெஸ்ட்!” என்று கத்திவிட்டு, பெல்ட் விறைப்பதைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

இந்த விவகாரத்துக்கு ஒரு முறை இருந்தது, குமுதா அதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார். குறை சொன்னால் இறங்குவார். ஆனால் குறை உண்மையாக இருக்க வேண்டும், பாட்டைக் கேட்டவர் சொல்ல வேண்டும், ஒரு குறை ஒரு தடவைதான் வேலை செய்யும். கல்யாணமான புதிதில் குமுதா, “அதெல்லாம் ஒரு பாட்டா, தகர டப்பாவ உருட்டுற மாதிரி” என்று திட்டிப் பார்த்தார். கனகராஜ் ஒரு விரற்கடைகூட அசையவில்லை. சரி, நாமும் கேட்டுக் குறை கண்டுபிடிப்போம் என்று கேசட்டைப் போட்டு உட்கார்ந்தார். கேட்கக் கேட்க அவருக்கே பிடித்துப்போனது. மீன் கழுவிக்கொண்டே ஒரு வரியை முணுமுணுக்கப் போக, கூடத்தில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த மனிதர் நாளிதழோடு மேலே போனார்.

ஆகவே ஆம்புரோஸை விட்டால் கதி இல்லை. சனிக்கிழமை சாயங்காலமானால் புந்தோங்கில் மங்களத்தின் ஒட்டுக்கடையில் கூட்டம் சேரும். ஆளுக்கொரு கோப்பை தே, கொறிக்க ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தே, அப்புறம் சண்டை. ஆம்புரோஸ் ‘சிலிபின் ஸ்டார்லைட்’ கட்சி. தோளில் பஞ்சு வைத்த கோட்டும் கீபோர்டுமாக மூன்று சகோதரிகள் பாடிய குழு அது, சுத்தமான குரல்கள், கேட்டால் வெள்ளைத் துணி உலர்த்தின மாதிரி இருக்கும். மூத்தவர் டோரிஸையே ஆம்புரோஸ் கட்டிக்கொண்டார். “மெஷின் அடிக்கிற டிரம்முக்கு வேர்க்குமா மச்சான்?” என்று கனகராஜ் கேட்பார். “வேர்வைய கேக்க முடியாது மச்சான், சுதியத்தான் கேக்க முடியும்” என்பார் ஆம்புரோஸ். சொல்லிவிட்டு அந்த வாரத்துக்கான குறையை எடுத்து வைப்பார். நாலாவது பாட்டில் கிட்டார்காரர் கம்பி மாற்றியது காதில் விழுகிறது. கடைசிப் பாட்டில் யாரோ இருமுகிறார்கள். பேஸ்காரர் திரும்பும் இடத்தில் எல்லாரையும் விட அரை மூச்சு பிந்துகிறார். கனகராஜுக்கு முகம் சிவந்துவிடும், மேசையைத் தட்டுவார், “ஒனக்கு காது இருக்கா, இல்ல கருவாடா?” என்பார். ஆனால் கால் இரண்டும் கெட்டியாகத் தரையில் இருக்கும், அடுத்த சனிக்கிழமை வரை அந்தக் கனம் தாங்கும். இப்படியே இருவருக்கும் தலை நரைத்தது.

எல்லாவற்றையும் கெடுத்தது இணையம். ஜொகூர்ப் பையன் ஒருவன் அந்தக் கேசட்டைத் தூசு தட்டி யூடியூபில் ஏற்றிவிட்டான். கோலாலம்பூர்ப் பிள்ளைகள் கேட்டார்கள், சென்னையில் கேட்டார்கள், ஜப்பானில் ஒருவர் அந்தப் பெரட்டு மணியைப் பற்றி நீளமாக எழுதினார். எழுதியவர் உண்மையாகத்தான் எழுதினார், நல்ல மனிதர். ஆனால் அவர் அங்கே புகழ்ந்த நேரத்தில் கனகராஜ் இங்கே குளித்துக்கொண்டிருந்தார், தலை கூரைத் தகரத்தில் இடித்தது. அதன்பிறகு நேரம் காலம் இல்லை. சோற்றில் கை வைத்தால் எழும்பினார், கோயிலில் திருநீறு வாங்கப் போனால் ஐயரைவிட உயரத்தில் நின்றார். வேன் ஓட்டுவதை விட்டுவிட்டார். குமுதா துணி காயப்போடும் நைலான் கயிற்றை அவிழ்த்து அவர் இடுப்பில் கட்டி, மறுமுனையை அலமாரிக் காலில் முடிந்து வைத்தார். அந்தச் சமயத்தில் பார்த்து ஆம்புரோஸின் குறைகள் இளைக்க ஆரம்பித்தன. கேசட் அட்டையில் டிரம்காரரின் சட்டை நிறம் சரியில்லை என்றார் ஒரு வாரம். கனகராஜ் நாற்காலிக்கு மேல் ஒரு முழம் நின்றபடியே தே குடித்தார்.

அப்போதுதான் பால் லோரி திரும்பவும் வாசிக்கப் போகிறது என்ற செய்தி வந்தது. அதே திடல். தோட்டத்தில் மிஞ்சியது அது ஒன்றுதான். கனகராஜ் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். குமுதாவின் கவலை வேறு. வீட்டுக்காவது கூரை இருக்கிறது, திடலுக்கு மேல் என்ன இருக்கிறது? அத்தனை சனமும் ஒன்றாகப் புகழ்ந்தால் மனிதர் எங்கே போய் நிற்பார்? குமுதா பஸ் ஏறிச் சிலிபினுக்குப் போனார்.

ஆம்புரோஸ் வாசலிலேயே தலையை ஆட்டினார். “நான் வரல தங்கச்சி. எங்கிட்ட குறை தீந்துபோச்சு. இருந்தது எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஒண்ணாவது கெடைக்குமான்னு தெனம் கேக்குறேன். கேக்கக் கேக்க நல்லாதான் இருக்கு, அதான் பயமா இருக்கு.”

உள்ளேயிருந்து டோரிஸ் காப்பியோடு வந்தார். “குமுதா, இந்த வீட்ல எங்க ஸ்டார்லைட் பாட்டு ஓடி எத்தன வருஷம் ஆச்சு தெரியுமா? காலையில எழுந்தா லோரி, படுக்கப் போனா லோரி. இருமுனவன் யாருன்னுகூட இவருக்குத் தெரியும்.”

குமுதாவுக்குச் சட்டென்று விளங்கியது. ரசிகர்கள் பிடித்த பாட்டை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். குறை சொல்கிறவர்தான் ஒரு வரி விடாமல் கேட்டாக வேண்டும். இத்தனை வருஷமும் பால் லோரியை அதிகம் கேட்டது தன் வீட்டுக்காரர் இல்லை, இந்த மனிதர்தான். “அண்ணே, குறை இல்லாட்டியும் பரவால்ல, பக்கத்துல வந்து நில்லுங்க. அவருக்கு ஒங்கள விட்டா யாரு இருக்கா?” என்றார். ஆம்புரோஸ் சட்டை மாற்றிக்கொள்ள உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திடல் நிரம்பி வழிந்தது. கனகராஜின் இடுப்பில் கயிறு, மறுமுனை குமுதாவின் கையில் இரண்டு சுற்று. நவமணி முழங்கால் வலியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெரட்டு மணி அவர் வீட்டு வாசலில் இத்தனை காலமும் பூச்சட்டி தாங்கிக்கொண்டிருந்ததாம், துரு தட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். டிரம்காரர் ஓர் அடி அடித்தார். பெரட்டு என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைகளுக்கும் முதுகு நிமிர்ந்தது. கிட்டார் பாய்ந்தது. நவமணி பாடினார். குரல் தடித்திருந்தது, அடியில் கொஞ்சம் கரகரத்தது, ஐயோ, அந்தக் கரகரப்பை என்னவென்று சொல்வது! ஒரு முழு வாழ்க்கையை வாழ்ந்து முடித்துவிட்டு வந்து பாடுகிற குரல். சனம் கத்தியது. கனகராஜ் மேலே போனார். கயிறு விறைத்து, குமுதாவின் செருப்பு புல்லில் வழுக்கியது. “அண்ணே, எதாச்சும் சொல்லுங்கண்ணே!” என்று அலறினார்.

ஆம்புரோஸ் வாயைத் திறந்தார். கண்ணிலிருந்து நீர் கொட்டியது. “நல்லாருக்கு மச்சான்” என்றார். “அன்னைக்கும் நல்லாதான் இருந்துச்சு. இந்த மாதிரி நான் எங்கயும் கேட்டதில்ல.”

“அலாமாக், பாவி மனுஷா!” என்றார் குமுதா. கயிறு கையை உருவிக்கொண்டு போனது. கனகராஜ் விளக்குக் கம்பத்தைத் தாண்டினார். தாண்டிவிட்டுக் கீழே பார்த்தால், இத்தனை காலம் வாய்க்குள்ளேயே வைத்திருந்ததை வெளியே விட்ட ஆம்புரோஸின் சப்பாத்துகள் புல்லை விட்டு மெல்ல எழும்பிக்கொண்டிருந்தன. அவருக்கு இது பழக்கம் இல்லை. கையையும் காலையும் உதறிக்கொண்டு சாய்ந்தபடி மேலே வந்தார். பிடிக்க யாருடைய கையிலும் கயிறு இல்லை.

கனகராஜ் கத்தினார். “என்னடா நல்லாருக்கு? நவமணி ரெண்டாவது வரியில மூச்சு வாங்குறா, ஒனக்குக் கேக்கலயா?” ஓர் ஆள் உயரம் இறங்கினார். “டிரம் இழுக்குது!” இன்னும் இறங்கினார். “கிட்டார் அந்தத் திருப்பத்த விட்டுட்டுப் போயிட்டான், கேசட்டுலயும் அங்கதான் விட்டான், இத்தன வருஷத்துல நீ ஒரு நாளும் அத புடிக்கல!” அவர் கால் தரையைத் தொட்டது. தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்த ஆம்புரோஸின் கணுக்காலை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

“அந்தத் திருப்பமா?” ஆம்புரோஸ் மேலேயிருந்து கேட்டார். “அது ஒனக்கு எப்ப தெரியும்?”

“மொத நாள்லேருந்தே தெரியும். எல்லாக் குறையும் எனக்குத் தெரியும் மச்சான். நீ சொன்னதும் தெரியும், நீ சொல்லாததும் தெரியும். எவ்ளோ ஆச அதுங்க மேல, சொல்ல மனசு வரல.” சொல்லிவிட்டு, ஆம்புரோஸ் அறியாத இன்னொரு குறையையும் சொன்னார். ஆம்புரோஸ் அவர் பக்கத்தில் வந்து இறங்கினார். அதற்குள் பின்னாலிருந்து யாரோ, “அண்ணே, மறைக்குது லா” என்றார்கள். இருவரும் புல்லில் உட்கார்ந்து மீதிப் பாட்டைக் கேட்டார்கள்.

இப்போதும் சனிக்கிழமை சாயங்காலம் மங்களத்தின் கடையில் கூட்டம் உண்டு. ஜப்பான்காரர் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார், எழும்புவது ஆம்புரோஸ், இறக்குவது கனகராஜ். அவரிடம் குறைகள் நிறைய மிச்சம் இருக்கின்றன, ஆயுசுக்கும் காணும், இருந்தாலும் வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் செலவழிப்பதில்லை. வேன் மறுபடி ஓடுகிறது. நைலான் கயிற்றைக் குமுதா டோரிஸிடம் கொடுத்துவிட்டார். ஆம்புரோஸ் தரையில் இருக்கும் நாள்களில் டோரிஸ் அதில் துணி காயப்போடுகிறார்.