கேபின் ஜன்னலிலிருந்து

ஒரகடம் கூட்டுரோட்டில் ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது வரதராஜன் இன்ஜினியரின் ஆபீஸ். மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கரண்ட் போனால் ஊரைக் கூட்டுகிற ஒரு யுபிஎஸ். அந்த 2004-ல் அந்தப் பக்கம் எங்கே திரும்பினாலும் ஷெட் எழும்பிக்கொண்டிருந்தது. மனுஷர் மூச்சுவிட நேரமில்லாமல் வரைந்து தள்ளினார்.

வரைந்தார் என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். புது வேலை வந்தால் பழைய ஷெட்டின் ஃபைலைத் திறப்பார், வேறு பெயரில் சேமிப்பார், நீளத்தை இழுப்பார், கம்பெனி பெயரை மாற்றுவார், முடிந்தது ஷெட். 2001-ல் கட்டிய ஒரு ஷெட்தான் எல்லாவற்றுக்கும் தாய். அதற்குப் பிறகு கட்டிய நாலும் அதன் வயிற்றில் பிறந்தவைதான். இப்போது ஆறாவது ஷெட் சௌந்தர்யாவின் திரையில் இருந்தது.

சௌந்தர்யா சேரப்பணஞ்சேரிக்காரி. இருபத்துநாலு வயது. அந்தத் தாய் ஷெட்டில் இரண்டு வருஷம் லைனில் நின்று வண்டிக்கான ஒயர் கோத்தவள். பிறகு தாம்பரம் போய் கம்ப்யூட்டர் வரைகலை படித்து, ஒன்பது மாதமாக இங்கே நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறாள். நின்று வேலை பார்த்த இடத்தையே உட்கார்ந்து வரைவதில் அவளுக்கு ஒரு தனிப் பெருமை இருந்தது.

"சௌந்தர்யா, பார்ட்டிக்கு ஒரு வியூ வேணுமாம். மேல மேனேஜர் கேபின்ல நின்னு ஜன்னல் வழியா பாத்தா லைன் எப்படி தெரியும்? அந்த மாதிரி ஒண்ணு. சாயங்காலம் வருவாங்க" என்றார் வரதராஜன்.

கேமரா வேலையெல்லாம் அவளுடையதுதான். அவர் முப்பது வருஷமாகப் பிளானிலேயே வாழ்ந்தவர். கட்டடத்தின் கூரையைக் கழற்றிவிட்டு உச்சியிலிருந்து பார்க்கிற பிளான் ஒன்றுதான் அவருக்குப் பார்வை. மற்றதெல்லாம் பொம்மைப்படம் என்பார்.

சாஃப்ட்வேரில் கேமராவுக்கு இரண்டு புள்ளி வைக்க வேண்டும். எங்கே நிற்கிறது, எதைப் பார்க்கிறது. அவள் கேபின் ஜன்னலை ஒட்டி ஒன்றை வைத்தாள், லைனின் நடுவில் ஒன்றை வைத்தாள். படம் முழுக்கச் சாம்பல் நிறம். பார்த்தால் கேமரா கேபினுக்கு அடியில் நிற்கிறது. உயரம் ஐந்தரை அடி என்றுதான் சாஃப்ட்வேர் தானாகப் போட்டுக்கொள்ளும். கேபின் தளமோ பன்னிரண்டு அடி உயரத்தில். இரண்டையும் கூட்டிப் பதினேழரை என்று அடித்தாள். இப்போது லைன் தெரிந்தது. ஆனால் ஒரு முழம்தான் தெரிந்தது. லென்ஸை ஐம்பதிலிருந்து முப்பத்தைந்துக்கு இறக்கினாள், பிறகு இருபத்தெட்டுக்கு. படம் விரிந்தது. ஆறு லைனும், அதற்கு அப்பால் ஸ்டோரும், லாரி நிற்கும் இடமும் அழகாக வந்து உட்கார்ந்தன.

இடது ஓரத்தில் மட்டும் வெள்ளை வெள்ளையாக என்னவோ இருந்தது. ஏதோ பொருளின் படம் தவறி அந்தரத்தில் நிற்கிறது என்று நினைத்தாள். அதை எடுத்துவிடலாம் என்று கேமராவை லேசாக இடப்பக்கம் திருப்பி, கொஞ்சம் கீழே குனிய வைத்தாள்.

வரிசையாக நாலு கக்கூஸ். நாலு வெள்ளைப் பீங்கான். பக்கத்தில் சேலையை மாற்றி யூனிஃபார்ம் கோட்டுப் போட்டுக்கொள்ளும் அறை, அதில் சுவரோரம் பெஞ்சு. ஏழடிச் சுவருக்கு மேலே எதுவும் இல்லை. கேபினில் நிற்கிற ஆளுக்கு உள்ளே தரைவரை தெரிந்தது.

பெண்கள் பக்கம்தான் அது. எதிர்ச் சுவரோரம் இருந்த ஆண்கள் பக்கம் தட்டையாக மூடியிருந்தது.

முதலில் தன் மேல்தான் சந்தேகப்பட்டாள். சுவரை எழுப்பியவள் சீலிங்கை மறந்துவிட்டாள் போலிருக்கிறது, சாயங்காலம் பார்ட்டி முன்னால் மானம் போயிருக்கும் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகுதான் தாய் ஷெட்டின் அந்த அறை கண்ணுக்குள் வந்தது. இரண்டு வருஷம் தினமும் இரண்டு தடவை, மூன்று தடவை போன அறை. அண்ணாந்தால் முப்பதடி உயரத்தில் ஷெட்டின் தகரம் தெரியும். சீலிங் இருந்ததே இல்லை. ஷெட் என்றால் அப்படித்தான் என்று எல்லாப் பெண்களையும் போல அவளும் நினைத்திருந்தாள். அந்தச் சுவருக்கு மேலே, கொஞ்சம் தள்ளி, கேபினின் கருப்புக் கண்ணாடியும் தெரியும். கீழேயிருந்து பார்த்தால் வெறும் கருப்புப் பலகை. அதற்குப் பின்னால் நாற்காலி இருக்கிறது, நாற்காலியில் ஆள் இருக்கிறான் என்று ஒருத்திக்கும் தோன்றியதில்லை.

சௌந்தர்யா அதோடு விடவில்லை. கேமராவைத் தூக்கி அந்த அறைக்குள்ளேயே வைத்தாள். தன் உயரம் ஐந்தடி ஓரங்குலம், அதையே அடித்தாள். கேபினைப் பார்க்கத் திருப்பினாள். ஜன்னல் முழுசாகத் தெரிந்தது. இங்கேயிருந்து அது தெரிந்தால் அங்கேயிருந்து இது தெரியும். இதற்கு மேல் கணக்குப் போட ஒன்றுமில்லை.

மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்காருகிறவர் மேனேஜர் வானமாமலை. காலையில் லைன் மீட்டிங்கில் நின்றுகொண்டு, "நேத்து பாத்ரூம்ல மூணு பேரு நின்னு கதை பேசிட்டு இருந்தீங்களே, என்ன கதை?" என்பார். "ஒரு ஆளு பதினஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்து அழுதுட்டு இருந்துச்சு, வீட்டுல பிரச்சினைன்னா லீவு போடுங்க" என்பார். உள்ளே நடந்தது வெளியே போகிறது என்றால் யாரோ கோள் சொல்கிறாள். யார் அவள் என்று பெண்கள் மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் பாஞ்சாலி என்று முடிவு கட்டினார்கள். பிள்ளைப்பாக்கத்துப் பாஞ்சாலி ஒருநாள் லீவு கேட்க மேலே கேபினுக்குப் போய்ச் சிரித்த முகமாக இறங்கி வந்தாள். அவ்வளவுதான் சாட்சி. சாப்பாட்டு நேரத்தில் அவள் உட்கார்ந்த மேஜையிலிருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு முதலில் எழுந்தது சௌந்தர்யா. மற்றவர்கள் பின்னால் எழுந்தார்கள். நாலு மாதம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் பாஞ்சாலி வேலையை விட்டு நின்றாள்.

அதை நினைத்ததும் சௌந்தர்யாவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

ஆண்கள் பக்கம் மட்டும் ஏன் மூடியிருக்கிறது? அந்தக் கேள்விதான் அவளைத் திரும்ப மவுஸில் கை வைக்கச் செய்தது. வரைபடத்தில் சுவர் ஒரு லேயர், கதவு ஒரு லேயர், ஒயரிங் ஒரு லேயர். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குட்டியாக ஒரு பல்பு இருக்கும். பல்பு எரிந்தால் லேயர் தெரியும், அணைத்தால் இருந்தும் தெரியாது. பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். 'சீலிங் – ஜென்ட்ஸ்' எரிந்துகொண்டிருந்தது. அதற்கு அடுத்தது 'சீலிங் – லேடீஸ்'. அணைந்திருந்தது.

பல்பை அழுத்தினாள். நாலு கக்கூஸின் மேலும் பெஞ்சின் மேலும் ஒரு மூடி வந்து உட்கார்ந்தது.

தாய் ஷெட்டின் ஃபைலைத் திறந்தாள். அங்கேயும் அணைந்திருந்தது. நடுவில் இருந்த நாலையும் திறந்தாள். நாலிலும் அணைந்திருந்தது.

"சார், இங்க வாங்க."

குரலில் என்ன இருந்ததோ, டீ கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார். அவள் புது ஷெட்டின் பல்பை மறுபடி அணைத்து, கேபின் ஜன்னல் வியூவைத் திரையில் வைத்துவிட்டு நகர்ந்து நின்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது எப்படிம்மா?"

"லேடீஸ் சீலிங்க ஆஃப் பண்ணி வெச்சது யாரு சார்?"

வரதராஜன் சட்டென்று நாற்காலியில் உட்கார்ந்தார். நெற்றியை அழுத்திக்கொண்டார். "நான்தான். மொத ஷெட்டு கட்டும்போது அந்த வானமாமலை வந்தாரு. வேற யூனிட்டுல பொம்பளைங்க காத்தே வரலன்னு கஷ்டப்படறாங்க, அவங்க பக்கம் மட்டும் சீலிங் வேணாம்னு சொன்னாரு. பொம்பளைங்க மேல இவ்ளோ அக்கறையா இருக்காரேன்னு நெனச்சேன்மா. வூட்ல போயி சொன்னேன். அழிக்க மனசு வராம ஆஃப் பண்ணி வெச்சேன்."

"அப்புறம் அதையே காப்பி பண்ணிகினே வந்துட்டீங்க."

முப்பது வருஷம் உச்சியிலிருந்தே பார்த்து வரைந்த மனுஷர், உச்சியிலிருந்து இன்னொருத்தன் பார்ப்பான் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. நல்லவர்தான். நல்லவராக இருந்து என்ன பிரயோஜனம், ஐந்து ஷெட் எழும்பி நிற்கிறதே.

"இதுல ஆன் பண்ணிடு. பழசு... நான் பக்குவமா பேசிப் பாக்கறேன். அவசரப்பட்டு வெளியே சொல்லிடாதே, பேரு கெட்டுடும்" என்றார்.

"யார் பேரு சார்?"

அவர் திரும்பிப் போய்ப் பாதியில் விட்ட டீயைக் கையில் எடுத்தார்.

மணி ஒன்றரை. இரண்டரைக்கு செகண்ட் ஷிப்ட். தாய் ஷெட்டில் அவளோடு வேலை பார்த்த கோமதியம்மாளும் நாற்பது பெண்களும் இன்னும் ஒரு மணி நேரத்தில் அந்த அறைக்குள் போய்ச் சேலையை மாற்றுவார்கள். பக்குவமாகப் பேசுவதற்குள் எத்தனை ஷிப்ட் போகும் என்று நினைத்தபோது சௌந்தர்யாவுக்குப் பயமெல்லாம் போய்விட்டது. தாய் ஷெட்டுக்கும் அதே வியூவைப் போட்டுக் கலரில் பிரிண்ட் கொடுத்தாள். தாள் வெளியே வருகிற வரை வரதராஜன் பார்த்துக்கொண்டே இருந்தார். தடுக்கவில்லை. அதற்கு மட்டும் அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

கம்பெனி கேட்டுக்கு எதிரே ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது இரண்டேகால். சிங்கப்பெருமாள் கோவில் பக்கமிருந்து பஸ் வந்து பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கோமதியம்மாள் திருநெல்வேலிக்காரி. லைனில் சௌந்தர்யாவுக்குப் பக்கத்தில் நின்றவள். தூரத்திலேயே பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

"ஏளா, இந்நேரத்துல இங்க என்ன செய்த? திரும்ப லைனுக்கு வாரியா?"

சௌந்தர்யா தாளை நீட்டினாள். கோமதியம்மாள் அதை வாங்கிப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"இத எவன் எடுத்தான்?"

"போட்டோ இல்லடி. கம்ப்யூட்டர்ல நான் செஞ்சது. மேல கேபின்ல நின்னு பாத்தா இப்படித்தான் தெரியும்."

"மேலன்னா? அந்தக் கருப்புக் கண்ணாடியா?"

"ஆமா."

"அப்பம் அந்த ஆளு..." கோமதியம்மாள் முடிக்கவில்லை. தோளில் கிடந்த முந்தானையை இழுத்து மேலெல்லாம் சுற்றிக்கொண்டாள். வெட்டவெளியில், கேட்டுக்கு வெளியே, அத்தனை வெயிலில். பிறகு அப்படியே ரோட்டோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாந்தியெடுத்தாள். சௌந்தர்யா அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள்.

தாள் கை மாறிப் போனது. ஒருத்தி வாங்கிப் பார்ப்பாள், புரியாமல் முழிப்பாள், பக்கத்திலிருப்பவள் விரல் வைத்துக் காட்டுவாள், உடனே முகம் மாறும். கூச்சல் போடுவார்கள் என்று சௌந்தர்யா நினைத்திருந்தாள். யாரும் கூச்சல் போடவில்லை. நாற்பது பெண்களும் கேட்டுக்கு வெளியே அப்படியே நின்றார்கள். சைரன் ஊதியது. ஒருத்தியும் உள்ளே போகவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ரொம்பச் சுலபமாக நடந்தது. அதுதான் கொடுமை. மேலாபீஸ் ஆட்கள் வந்தார்கள், தாளைப் பார்த்தார்கள், தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆறு மணிக்குள் பிளைவுட் வந்து இறங்கி, இரண்டு கார்பென்டர் ஏறி, மூடிவிட்டார்கள். மூன்று மணி நேர வேலை. மூன்று வருஷமாகச் செய்ய ஆளில்லை. வானமாமலை மறுநாளிலிருந்து வரவில்லை. படப்பைப் பக்கம் வேறொரு கம்பெனியில் இன்னும் பெரிய கேபினாகக் கிடைத்திருக்கிறது என்று பின்னால் கேள்விப்பட்டபோது சௌந்தர்யா வாய்விட்டுத் திட்டினாள். வரதராஜன் அவள் எடுத்துக் கொடுத்த வியூக்களை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் மற்ற நாலு ஷெட்டுக்கும் போய் வந்தார். இரண்டு இடத்தில் உடனே மூடினார்கள். இரண்டு இடத்தில் பார்க்கலாம் என்றார்கள். அந்த இரண்டு இடத்துக்கும் அவர் திங்கட்கிழமைதோறும் போய் உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சௌந்தர்யா பிள்ளைப்பாக்கம் போனாள். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். தப்புப் பண்ணிவிட்டோம், கோள் சொன்னது நீ இல்லை, எல்லோருக்கும் இப்போது தெரிந்துவிட்டது, மன்னித்துக்கொள். கெட்ட சேதிக்கு நடுவில் இது ஒன்றாவது நல்ல சேதி என்றுதான் நினைத்தாள்.

பாஞ்சாலி வீட்டுக்குள் மெஷினில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் முகம் இறுகியது. உட்காரச் சொல்லவில்லை. சௌந்தர்யா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அழுகை வந்தது, அழுதுகொண்டே சொன்னாள். கடைசியில் தாளைப் பிரித்து மெஷின் மேல் வைத்தாள்.

பாஞ்சாலி தாளைக் கையில் எடுத்தாள். நாலாவது தடுப்பின் மேல் அவள் விரல் போய் நின்றது. எப்போதும் அவள் போகிறது அதுதான். மெஷினின் மிதியிலிருந்து கால் நழுவி இறங்கியது.

"நீ சொல்லலன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிபோச்சு பாஞ்சாலி. நீ ஒரு தப்பும் பண்ணல."

பாஞ்சாலி தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் சொல்லலன்னு எனக்கு அப்பவே தெரியுமே" என்றாள். "இது தெரியாம இருந்துச்சு."