அண்ணன் சிரித்தபோது

…அண்ணனுக்குத் தூக்கம் போனதுதான் முதலில், இல்லை, பேச்சுதான் முதலில் வேகம் பிடித்தது, தூக்கம் அதற்கப்புறம், அல்லது இரண்டும் சேர்ந்தேவா, நாள்குறிப்பில் எழுத உட்காரும் ஒவ்வொரு தடவையும் வரிசை மாறிவிடுகிறது, மாலை வகுப்புக்கு நேரமாகிறது, நான் இன்னும் சட்டைகூட மாட்டாமல் நல்லமுத்து அண்ணன் இஸ்திரி போடுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். போன வருஷம் இதே கைதான் சலவைக்கு வந்த வெள்ளைக் கோட்டுகளையெல்லாம் அள்ளிக்கொண்டுபோய், பட்டர்வொர்த் படகுத்துறையில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு மாட்டிவிட்டது, “இன்னைக்கு எல்லாரும் தொரைதான்லா!” என்று கத்திக்கொண்டு, நானும் கூடவே ஓடினேனே, வயிறு வலிக்கச் சிரித்தேனே, அது நோய் என்று எனக்குத் தோன்றவேயில்லை, கப்பல் வாங்கப் போகிறேன் என்று அவர் சொன்னபோதுகூட… பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார், குளிக்கவில்லை, சோறு ஆறிக் கிடந்தது, செத்தால் தேவலை என்று ஒருநாள் மெதுவாகச் சொன்னார். எதனால்? இரத்தத்தில் வருவது என்றார் டாக்டர், எங்கள் மாமா ஒருவரும் இப்படித்தானாம். தங்கள் குழந்தை இறந்துபோனதிலிருந்துதான் என்கிறாள் ருக்குமணி அண்ணி, தண்ணீர்மலைக் கோயிலில் நேர்ந்துகொண்டும் வந்தாள். இரண்டுமே காரணமாக இருக்கலாம், ஆனால் அதே இரத்தந்தானே எனக்கும், வகுப்பில் ஒரு கணக்குச் சரியாக வந்து மனசு துள்ளினால்கூட உடனே அதைப் பிடித்து உட்காரவைக்கிறேன்…

இப்போது அண்ணன் நன்றாக இருக்கிறார், எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், தூங்குகிறார், சாப்பிடுகிறார், கேட்டதற்குப் பதில் சொல்கிறார், சிரிப்பதுதான் இல்லை, அந்த ஒரு சிரிப்புக்கு நான் எப்படி ஏங்கிப்போனேன்… அண்ணி ஒரு கால்சட்டையைத் தூக்கிக் காட்டுகிறாள். “பாருங்க, கணக்கெழுதற கிராணியாரு கால்சட்டையில மறுபடியும் பொத்தானக் காணோம். ஒரு கையில பேனா, ஒரு கையால இது அவுந்து விழாம புடிச்சுக்கணும். தொரை வந்தா எந்தக் கையால சலாம் போடுவாரு?” அண்ணன் சிரிக்கிறார், சத்தமாக, தோள் குலுங்க, அதே பழைய அண்ணன், வந்துவிட்டார், வந்துவிட்டார் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது, என் கையோ தெருக்கதவைச் சாத்திவிட்டிருக்கிறது. அண்ணி சலவைக்கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். “ராத்திரி தூங்கினீங்களா?”

சிரிப்பு நின்றுவிட்டது. “தூங்கினேன்லா. வெறும் சிரிப்புத்தான்” என்கிறார் அண்ணன், சாத்திய கதவைப் பார்த்து. இதற்காகவா ஏங்கினேன், வந்ததும் விரட்டுவதற்கா, நோயையும் அவரையும் எந்த இடத்தில் பிரிப்பது… “அந்தப் பொத்தான் கதைய இன்னொரு தரம் சொல்லுங்க அண்ணி” என்கிறேன். அவள் மறுபடியும் கால்சட்டையைத் தூக்கிக் காட்டிச் சொல்கிறாள். அண்ணன் கவனமாகக் கேட்கிறார், எவ்வளவு சிரிக்கலாம் என்று எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி.