சும்மா தாள்

ஜூன் 11, வியாழன்

மே 6 அன்று இரண்டு எண்களை இடம் மாற்றி எழுதியிருக்கிறேன். 4417 இருக்க வேண்டிய கட்டத்தில் 4418, அது இருக்க வேண்டிய கட்டத்தில் இது. இன்று காலை பதினொன்றரை மணிக்குத்தான் கண்ணில் பட்டது. தவறு செய்தால் அதை முதல் வரியிலேயே எழுதிவிடு, காரணத்தைப் பிறகு தேடலாம் என்று நான் படிக்கும் மாலை வகுப்பின் ஆசிரியை சொல்வார். எழுதிவிட்டேன். காரணம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

என் வேலை இதுதான். ஐந்து மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் காற்றை உறிஞ்சும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. நோட்டுப் பக்கத்தின் அளவில், ஓரத்தில் எண் அச்சிட்ட ஒரு வெள்ளைத் தாளை அதில் பொருத்துவேன். ஒரு நாள் முழுதும் நகரத்தின் காற்று அதன் வழியே போகும். மறுநாள் எடுத்து, ஈரம் போகக் கண்ணாடிப் பெட்டியில் ஒரு நாள் வைத்து, எடை பார்ப்பேன். கூடியிருக்கும் எடைதான் அழுக்கு. புதன்கிழமைகளில் மட்டும் கூடுதலாக ஒரு தாளை மேலே கொண்டுபோய், இயந்திரத்தில் வைக்காமல் அப்படியே திரும்பக் கொண்டுவருவேன். எங்கள் கையிலிருந்து அழுக்கு ஏறுகிறதா என்று பார்ப்பதற்காக. அலுவலகத்தில் அதற்குப் பெயர் சும்மா தாள். அவற்றை மாதம் முடிந்த பிறகுதான் மொத்தமாக எடை போடுவோம்.

மேலே காற்றில் எழுத முடியாது, படிவம் பறக்கும். அதனால் கீழே அறைக்கு வந்துதான் எண்களை எழுதுவேன். இரண்டு வருடங்களாக இதில் குழப்பம் வந்ததில்லை. இயந்திரத்தில் ஓடிய தாள் அடுப்புக்கரி துடைத்த துணி போல இருக்கும், சும்மா தாள் வெள்ளையாக இருக்கும். எண்ணைப் பார்க்காமலே கை தானாக எழுதும். ஊரடங்கில் சாலைகள் மூடி ஆறு வாரங்கள் ஆன அந்தப் புதன்கிழமை, இரண்டு தாள்களும் வெள்ளையாக இருந்தன. கை வழக்கம்போல எழுதிவிட்டது.

அந்த நாளின் கணக்கு நான்கு என்று வந்தது. முந்தைய ஆண்டு அதே வாரத்தில் நூற்றுத் தொண்ணூறு. மேலதிகாரி சாருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "முந்தின நாள் மழை பெஞ்சுதுல்ல, இருக்கும்மா, போட்டுடு" என்றார். கதவைப் பூட்டிவிட்டுப் பாதிப் படியிலிருந்து திரும்பிப்போய்ப் பார்க்கிற ஆள் நான். அந்த நான்கை மட்டும் மறுபடி பார்க்கவில்லை. எனக்கு அது வேண்டியிருந்தது.

ஏனென்றால் வீட்டில் அம்மா மல்லாந்து படுக்க ஆரம்பித்திருந்தாள். பேருந்து நிலையத்தின் சீட்டுக் கூண்டில் பத்தொன்பது வருடங்கள் உட்கார்ந்தவள். பேருந்துகள் புகையை விடுகிற உயரத்தில்தான் அந்தக் கூண்டின் ஜன்னல். கடைசிப் பதினோரு வருடங்கள் மூன்று தலையணைகளை முதுகுக்குக் கொடுத்து, உட்கார்ந்தபடியே தூங்கினாள். ஏப்ரலில் ஒரு தலையணை குறைந்தது, அப்புறம் இன்னொன்று. மூன்றாவதையும் அவளே எடுத்து அண்ணன் பக்கம் தூக்கிப்போட்டாள். மறுநாள் காலை அண்ணன் பல் துலக்கிக்கொண்டே சொன்னான், "அம்மா, நீ விட்ட குறட்டையில ரோட்ட திறந்துட்டாங்க, லாரி போகுதுன்னு எழுந்து உக்காந்துட்டேன்." அம்மா சிரித்தாள். சிரித்த பிறகு இருமல் வரும் என்று மூவரும் காத்திருந்தோம். வரவில்லை.

அந்த நாட்களில் நான் வேலையிலிருந்து வந்து கை கழுவுவதற்குள் கேட்டுவிடுவாள். "என்னங்க ஆபீஸர், இன்னிக்கு காத்து பாஸா பெயிலா?" நான் எண்ணைச் சொல்வேன். சுவரில் இருக்கும் நாள்காட்டியில் பென்சிலால் குறித்துக்கொள்வாள். மே 7 மாலை நான்கு என்று சொன்னேன். "நாலா? நாப்பதா?" "நாலும்மா. ஒண்ணுமே இல்லன்னு அர்த்தம்." பென்சிலை வைத்துவிட்டு ஜன்னலருகே போய் நின்றாள். வெளியே ஒரு நாய் சாலையின் நடுவில் நீட்டிப் படுத்திருந்தது. "அதுக்குத் தெரிஞ்சிருக்கு பாரேன்" என்றாள்.

ஜூன் ஒன்றாம் தேதி சாலைகள் திறந்தன. இரண்டாம் தேதி காலை அண்ணன் தன் சின்ன லாரியைக் கிளப்பினான். வண்டி எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே நிற்கும். இரண்டு மாதங்கள் ஓடாத இன்ஜின், நாலைந்து முறை முக்கிவிட்டு ஒரே மூச்சில் கரும்புகையைத் தள்ளியது. அம்மா ஜன்னலில் நின்று கையாட்டிக்கொண்டிருந்தாள். முதல் சவாரி, அவளுக்கு அவனைவிட அதிக சந்தோஷம். புகை உள்ளே வந்தது. இருமினாள். மதியம் வரை இருமினாள். மறுநாள் விடியும்போது பேச முடியவில்லை. அதே வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

நோயாளியுடன் ஒருவருக்குத்தான் அனுமதி. அண்ணன் கேட்டுக்கு வெளியே நின்றான். மூன்று நாட்கள் அங்கேயே நின்றான்.

உள்ளே டாக்டர், தினமும் உறிஞ்ச வேண்டிய தடுப்பு மருந்தை எப்போது நிறுத்தினார் என்று கேட்டார். நிறுத்தவில்லை என்று நான் உறுதியாகச் சொன்னேன். அம்மா முகமூடியைச் சற்றே விலக்கினாள். "நீதானே நாலுன்னு சொன்ன. நல்ல காத்துல எதுக்கு பம்ப வீணாக்கணும்? ரோடு திறந்தா தேவைப்படும்னு வெச்சிருந்தேன்." குறை சொல்கிற குரல் இல்லை. நன்றாகப் படித்த பிள்ளையைப் பற்றி அடுத்தவரிடம் சொல்கிற குரல். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கட்டிலின் சக்கரத்தைப் பார்த்தேன்.

ஐந்தாம் தேதி பிற்பகல் அம்மா போய்விட்டாள். மருந்தை நிறுத்தாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் கேட்டேன். "தாங்குறதுக்கு வாய்ப்பு இருந்துச்சு. உறுதியா சொல்ல முடியாது" என்றார்.

வீட்டுக்கு வந்து அவள் பையிலிருந்த பம்பை எடுத்துப் பார்த்தேன். மிச்சம் எத்தனை என்று காட்டும் சிறு எண் அதன் முதுகில் உண்டு. அறுபது. மொத்தம் நூற்றிருபது, ஆக எடுத்தது அறுபது. ஜூன் இரண்டாம் தேதி என் கண்ணெதிரில் நான்கு முறை உறிஞ்சினாள். மீதி ஐம்பத்தாறு, ஒரு நாளைக்கு நான்கு என்றால் பதினான்கு நாட்கள். அதை நான் வாங்கி வந்தது ஏப்ரல் 24. ஆக, மே 7 வரை எடுத்திருக்கிறாள். மே 8 காலையில் நிறுத்தியிருக்கிறாள்.

இந்தக் கணக்கை யாரிடமும் சொல்லவில்லை. எண் சரியாக இருந்தது, அம்மா எடுத்த முடிவு தவறு என்று ஆறு நாட்களாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று காலை மே மாதத்துச் சும்மா தாள்களைச் சரிபார்க்கும்போது, ஒன்றை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தேன். நான்கு ஓரங்களும் சுத்த வெள்ளை, நடுவில் மிக மெல்லிய சாம்பல். இயந்திரத்தின் சட்டம் பிடித்த இடம் ஓரமாகத் தெரிந்தது. ஓடாத தாளில் ஓரம் இருக்காது. எடை போட்டேன். அன்றைய காற்று நான்கு இல்லை. நாற்பத்தொன்று.

சாரிடம் சொன்னேன். "நாலும் நாப்பத்தொண்ணும் ஒண்ணுதாம்மா, போன வருஷத்தோட பாத்தா. இந்த நேரத்துல நீ வேலைக்கு வந்ததே பெரிசு. திருத்தி ஒரு கையெழுத்து போட்டுடு." சிவப்பு மையால் அடித்து, மேலே 41 என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன். படிவத்தில் அதற்கு இடம் இருக்கிறது. நாற்பத்தொன்று என்று சொல்லியிருந்தால் அம்மா மருந்தை நிறுத்தியிருக்க மாட்டாளா? தெரியவில்லை. முப்பது, ஐம்பது என்று கேட்ட நாட்களில் அவள் நிறுத்தவில்லை என்பது மட்டும் தெரியும்.

இதைவிடக் கடினமான ஒன்று மீதி இருக்கிறது. அண்ணன் தன் வண்டிப் புகைதான் அம்மாவைக் கொன்றது என்று நம்புகிறான். சொன்னதில்லை. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்ததிலிருந்தே, வண்டியை எடுக்கும்போது வீட்டு வாசலில் இன்ஜினைக் கிளப்புவதில்லை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து, தோளால் முட்டித் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போகிறான். அங்கே போய்த்தான் கிளப்புகிறான். நேற்று பின்னாலேயே போய்க் கேட்டேன்.

"அம்மாதான் இல்லையே. இனிமே யாருக்குண்ணா தள்ளுற?"

"பழகிடுச்சு" என்றான். செருப்பின் வார் அறுந்து கையில் இருந்தது. "நீ உள்ள போ. பனியன் நனைஞ்சிருக்கு, வேற எடுத்து வை."

அம்மா வீட்டில் இருந்தவரை அவன் ஒரு நாள்கூட வண்டியைத் தள்ளியதில்லை.

நாளை, வெள்ளி: அண்ணன் ஐந்தே முக்காலுக்குக் கீழே இறங்குவான். அதற்கு முன் நான் வண்டியருகே நிற்க வேண்டும். முதலில் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், ஆஸ்பத்திரியில் அம்மா சொன்னதையும் சேர்த்து. பிறகு, அவன் விட்டால், பின்னாலிருந்து தள்ள வேண்டும்.