கனத்த குழல்

ரெஜிஷா துப்பாக்கி வாங்கப் போகிறாள் என்று தெரிந்ததும் திற்பரப்பில் எல்லோரும் அவள் கணவன் பிரைட்டனிடம்தான் விசாரித்தார்கள்.

"பன்னிக்கா மக்கா?"

"பின்ன?" என்பான் அவன்.

கத்தாரிலிருந்து திரும்பி, மலைச்சரிவில் விளை, அதாவது தோட்டம், வாங்கி மரச்சீனிக் கிழங்கு போட்டிருந்தான். மூன்று வருடமாகக் கிழங்கு முற்றுவதற்குள் காட்டுப்பன்றிகள் வந்து மூட்டோடு உழுது போட்டுவிட்டுப் போயின. பன்றியைச் சுட நம் பக்கம் அனுமதி இல்லை. கேரளத்தில் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். இங்கேயும் உத்தரவு வரும், வரும்போது வீட்டில் துப்பாக்கி இருக்க வேண்டும் என்பது அவன் கணக்கு.

ரெஜிஷாவுக்கு வேறு ஆசை. மணவாளக்குறிச்சிக் கடற்கரைப் பெண். கல்லூரியில் என்.சி.சி.யில் முதன்முதலாகத் துப்பாக்கியைத் தொட்டவள், இப்போது பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. ஐம்பது மீட்டர் போட்டியில் 'டுவென்டி டூ' என்னும் சின்னத் தோட்டாவால் மாநில அளவில் பதக்கம் வாங்கியிருந்தாள். அந்தத் தோட்டா சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். சுட்டால் தோளில் ஒரு தட்டுக்கூட விழாது. ஆனால் முந்நூறு மீட்டர் போட்டியை ஒருமுறை வேடிக்கை பார்த்ததிலிருந்து அவளுக்கு அதே நினைப்பாக இருந்தது. குண்டு போய்ச் சேர்வதற்குள் காற்று அதைத் தள்ளும், பூமி கீழே இழுக்கும். இரண்டையும் மனதிலேயே கணக்குப் போட்டுச் சுட வேண்டும். அதற்குப் பெரிய தோட்டா வேண்டும்.

போட்டியில் தேர்ந்தவள் என்பதால் லைசென்ஸ் கிடைத்தது. கடைக்காரர் இரண்டு ரைபிள்களை மேசையில் வைத்தார். இரண்டுக்கும் ஒரே தோட்டா, 'தேர்ட்டி நாட் சிக்ஸ்'. முந்நூறு மீட்டரில் இலக்குத் தாளையும் அது துளைக்கும், பன்றியையும் சாய்க்கும். ஒன்று மெலிந்த குழல். தோளில் மாட்டிக்கொண்டு மலை ஏறலாம். மற்றொன்றின் குழல் மண்வெட்டிக் காம்பு போலத் தடித்திருந்தது. தரையில் படுத்துத்தான் சுட முடியும். ஆனால் நாற்பது குண்டு சுட்டாலும் சூட்டில் குறி நகராது.

பிரைட்டன் மெலிந்ததை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தான். "இது போரும் ரெஜி. உனக்குப் போட்டிக்கும் ஆச்சு, நமக்கு விளைக்கும் ஆச்சு."

"பத்து குண்டுக்கு அப்புறம் குழல் சூடாவும். குறி ஒரு விரக்கடை மாறும்."

"பன்னிக்கு ஒரு விரக்கடை பெரிசா?"

அவள் இரண்டையும் மறுபடி தூக்கிப் பார்த்தாள். அடுத்த வாரம் சொல்வதாகக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தார்கள்.

அந்த வாரம்தான் வெள்ளறடையிலிருந்து மரியஜான் கூப்பிட்டார். பிரைட்டனின் அக்கா குளோரியின் கணவர். கேரள எல்லை தாண்டி அவருடைய விளை இருந்தது. வனத்துறை அவருக்கு அனுமதி கொடுத்திருந்தது. பழைய 'த்ரீ ஒன் ஃபைவ்' ரைபிள் ஒன்று வைத்திருந்தார். குண்டு பெரிது, வேகம் குறைவு.

"நீ வந்து பக்கத்துல இரி மக்கா. தூரம் பாத்துச் சொல்லு. சுடது நான்தான்" என்றார் ரெஜிஷாவிடம்.

சாயங்காலம் ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில் பிரைட்டனும் சேர்ந்து மூவரும் படுத்துக்கிடந்தார்கள். பின்னால் வனக்காவலர் ஒருவர் நின்றார். எதிர்ச்சரிவில், ஓடைக்கு அப்பால், பன்றி தனியாக வந்தது. ரெஜிஷா தொலைநோக்கியில் பார்த்தாள்.

"இருநூறு மீட்டர் அண்ணே. கிட்டப் போலாமா?"

"போனா ஓடிரும். எங்க பிடிக்கணும்? அதச் சொல்லு."

அவளுக்குத் தெரியும். அந்தக் குண்டு இருநூறு மீட்டரில் இரண்டு சாண் தாழும். மரக்கிளை அசையவில்லை, காற்று இல்லை.

"முன்னங்காலுக்கு நேரா, முதுகு மேல. ஒரு சாண்."

சொன்னபோது அவளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. கணக்கு சரி என்ற சந்தோஷம்.

மரியஜான் விசையை இழுத்த அதே நொடியில் பன்றி ஒரு எட்டு முன்னால் வைத்தது. உயரம் சரியாகவே இருந்தது. ஆனால் குண்டு நெஞ்சுக்குப் பதில் பின்வயிற்றில் பட்டது. பன்றி சுருண்டு விழுந்து எழுந்தது. அதன் அலறல் சரிவு முழுக்கக் கேட்டது. பிறகு புதருக்குள் போய்விட்டது.

"குண்டு பட்டுட்டு!" என்று பிரைட்டன் எழுந்தான். "இருநூறு மீட்டர்ல! ரெஜி, நீ சொன்னது அச்சு!"

ரெஜிஷா தொலைநோக்கியை இறக்கவே இல்லை.

"காலம்பற பாக்கலாம். அடிபட்டது பாயும்" என்றார் மரியஜான்.

"வேண்டாம் அண்ணே. இப்பவே போணும்."

"ஏட்டி, உனக்கென்ன பைத்தியமா?" என்றான் பிரைட்டன்.

"நான் சொல்லித்தான அண்ணன் சுட்டாங்க? நான் போறேன். நீங்க வரண்டாம்."

எல்லோரும்தான் போனார்கள். இலைகளில் ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கிடந்தது. ஓடையின் வளைவில் பன்றி உட்கார்ந்திருந்தது, பின்னங்கால்கள் எழும்பவில்லை. அவர்களைக் கண்டு சீறவில்லை. மூக்கை நீட்டித் தண்ணீரைத் தொடப் பார்த்தது, எட்டவில்லை. மரியஜான் பக்கத்தில் போய் இன்னொரு குண்டில் அதை முடித்தார். இறைச்சியை யாரும் எடுக்காதபடி வனக்காவலர் குழி வெட்டச் சொல்லி, மண்ணெண்ணெய் ஊற்றி மூடினார். வீட்டுக்கு வந்ததும் குளோரி போட்டுக் கொடுத்த காப்பியை ரெஜிஷா கையில் வாங்கினாள். ஆற விட்டுவிட்டு அப்படியே வைத்தாள்.

திரும்பும் வழியில் பிரைட்டன் வண்டி ஓட்டிக்கொண்டே சொன்னான்: "தேர்ட்டி நாட் சிக்ஸா இருந்தா அங்கயே விழுந்திருக்கும். வேகம் கூடுதல்லா."

அதையும் அவள் யோசித்திருந்தாள். வேகம் கூடினால் குண்டு கொஞ்சம் முன்னதாகப் போய்ச் சேரும். ஆனாலும் அதற்குள் பன்றி கால் எடுத்து வைக்கலாம். அவள் இத்தனை வருடம் சுட்டதெல்லாம் நகராத தாள். தவறினால் பத்துக்குப் பதில் ஒன்பது, எட்டு என்று புள்ளி குறையும். அவ்வளவுதான்.

"கையில கனம் இல்லாத துப்பாக்கி இருந்தா நானும் ஒருநாள் இருநூறுல சுட்டுருவேன்" என்றாள். "சுட முடியும்னு தெரிஞ்சதுனாலயே சுட்டுருவேன். அதான் எனக்குப் பயம்."

பிரைட்டன் பாலம் தாண்டியபின், "அப்ப எனக்க விளை?" என்று மட்டும் கேட்டான்.

"அதுக்கு எனக்கு வழி தெரியல" என்றாள்.

தடித்த குழலைத்தான் வாங்கினாள். பிரைட்டன் கடைக்குள் வரவில்லை. வெளியே வண்டியில் இருந்தான்.  ஒரு மாதம் கழித்து அவனே கம்பிவேலி போடத் தொடங்கினான். பாதி விளைக்குத்தான் வேலி எட்டியது. மீதிப் பாதியில் பன்றிகள் வழக்கம்போல வந்தன.

மரியஜான் ஒருநாள் போனில் கேட்டார்: "மக்கா, மரத்துல பரண் கெட்டப் போறேன். எம்புட்டு தூரத்துல கெட்டலாம்?"

"அம்பது மீட்டர். அதுக்கு மேல வேண்டாம் அண்ணே. நின்னுட்டு இருந்தா மட்டும் சுடுங்க."

"நீ வாறியா?"

"இல்ல அண்ணே."

முதல் முந்நூறு மீட்டர் போட்டிக்கு பிரைட்டனும் கூட வந்தான். வரேன் என்று முன்னால் சொல்லவில்லை. காலையில் ரைபிள் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தான். உச்சி நேரத்தில் காற்று மாறிமாறி அடித்தது. காற்றுப் பார்க்க நட்டிருந்த கொடி இடப்பக்கம் சாய்ந்து, தொங்கி, மறுபடி எழுந்தது. ரெஜிஷா விசையில் விரலை வைக்காமல் காத்திருந்தாள். அவளுடைய நேரம் குறைந்துகொண்டே வந்தது. பக்கத்தில் படுத்திருந்தவர்கள் சுட்டு முடித்து எழுந்தார்கள். கடைசி இரண்டு குண்டை அவள் சுடவே இல்லை. பதினொன்றாவது இடம்தான் கிடைத்தது.

"ஏன் ரெண்டு குண்ட விட்ட?" என்று பிரைட்டன் கேட்டான்.

"காத்து நிக்கல."

"தாளுதான ரெஜி. சும்மா சுட்டிருக்கலாம்லா?"

அவள் சிரித்தாள். "சுட்டிருக்கலாம்" என்றாள்.

அவன் அந்த இரண்டு தோட்டாவையும் வாங்கி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தான். பிறகு பெட்டியில் அதனதன் குழியில் வைத்து மூடினான்.