ஒப்பிட எடுத்த ரத்தம்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை, அக்கா கொடுத்தது. அவள் ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்காரி. எலும்பு மஜ்ஜைக்குள் இருக்கும் ஒரு செல் எப்போது, எதனால் தடம் புரள்கிறது என்பதை இருபது வருஷமாகத் துருவிக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்தால் "என்னடா, கதை விடுறது எப்படிப் போகுது?" என்று கேட்பாளே தவிர, ஒருநாளும் கதை கொடுத்ததில்லை. போன மாதம் தானாக வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்று எழுதியது தப்பு. நாற்காலியை இழுத்தாள், எழுந்தாள், என் மேஜையில் கிடந்த பேனாக்களை உயர வாரியாக அடுக்கினாள், கலைத்தாள்.

"எங்க லேப்ல ஒரு பொண்ணுக்கு நடந்துச்சு. நீ எழுதேன்."

"முடிவு நல்லா இருக்குமா?"

"முடிவை நீதான் போடணும்."

முடிவில்லாத கதையை வாங்கிக்கொள்வது, வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது போல. தெரிந்தேதான் விட்டுக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: விஞ்ஞானி நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்தபோது, வெளியே மழை—

(அக்கா சிரித்துவிட்டாள். அவள் வேலையில் பாதி நேரம் குழாய்க்குக் குழாய் சொட்டு மாற்றுவதில் போகுமாம், மீதி நேரம் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பார்த்துக் கண் எரியுமாம். மழையும் வேண்டாம் என்றாள்.)

இரண்டாவது: மரபணுவில் நேர்ந்த ஓர் எழுத்துப்பிழை—

("எல்லாரும் இதையேதான்டா எழுதுறீங்க." அடித்துவிட்டேன்.)

மூன்றாவது இது. இப்போதைக்கு நிற்கிறது.

அவள் கையுறையைக் கழற்றினாள், புதிதாக ஒன்றை மாட்டினாள், அதையும் கழற்றினாள். நோயாளிகளின் ரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட மாற்றத்தைத் தேடுவதுதான் அவள் வேலை. அதோடு ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ரத்தமும் வேண்டும். நல்ல ரத்தத்துக்கு எங்கே போவது? ஆய்வகத்தில் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள்: வீட்டு ஆட்களைக் கூட்டிவந்தாள். அவளையும் சேர்த்து நான்கு பேர், ஆளுக்கொரு குழாய். யாருடையது எது என்று தெரியக் கூடாது என்பது விதி. ஆகவே நர்ஸ் குழாய்களைக் குலுக்கி, எண் மட்டும் ஒட்டினாள். இப்போது மூன்றாம் எண் குழாயில், நோயாளிகளிடம் தேடுகிற அதே மாற்றம் இருக்கிறது. கொஞ்சமாகத்தான், ஆனால் இருக்கிறது. சோதனையை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். மறுபடியும் இருந்தது.*

* வாசகர் பதற வேண்டாம், இது நோய் இல்லை. மஜ்ஜையில் ஒரு செல் மாறி, அதன் வாரிசுகள் மற்றவற்றைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பெருகியிருக்கின்றன, அவ்வளவுதான். ஐம்பதைத் தாண்டியவர்கள் பலரிடம் இது உண்டாம். பெரும்பாலானவர்கள் ஒன்றும் ஆகாமல் வாழ்ந்து முடிப்பார்கள். சிலருக்கு மட்டும், பல வருஷம் கழித்து, அது புற்றுநோயாகும். அந்தச் சிலர் யார் என்று யாராலும் சொல்ல முடியாது.

3

அவள் வீட்டுக்குப் போனாள். கணவர் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். அவர் கழுத்துப் பின்பக்கத்தையே அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் குழாய் ஓர் ஆணுடையது. அந்த அளவுக்கு ரத்தமே சொல்லிவிடும், யாரும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. நான்கு பேரில் ஆண்கள் இரண்டு பேர்தான். ஒருவர் இதோ, தட்டைத் துடைக்கிறார். இன்னொருவர் அவளுடைய—

இங்கே பேனாவை வைத்துவிட்டு அக்காவைப் போனில் கூப்பிட்டேன்.

"அந்த இன்னொரு ஆம்பளை யாரு? அந்தப் பொண்ணுக்கு என்ன முறை?"

"தம்பின்னு வச்சுக்கோயேன்."

"சரி" என்று வைத்துவிட்டு, 'அவளுடைய தம்பி' என்று எழுதினேன். எழுதிய பிறகுதான் என் முழங்கை மடிப்பைப் பார்த்தேன். போன வருஷம் அக்கா என்னையும் என் மனைவியையும் தன் வீட்டுக்காரரான மாமாவையும் ஆய்வகத்துக்கு அழைத்துப் போனாள். தன் கையையும் நீட்டினாள். ஆளுக்கொரு குழாய். பிஸ்கட் கொடுத்தார்கள். மாமா கூச்சமே இல்லாமல் இன்னொரு பாக்கெட் கேட்டார்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வராமலே தெரிந்துபோனது எனக்கு. பயந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நன்றாகவே பயந்தேன்.

4

"அந்தப் பொண்ணு நீதானேக்கா?"

"ஆமா." இந்த முறை அவள் உட்காரவே இல்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

"நானா, மாமாவா?"

"தெரியாது."

"கண்டுபிடிக்க முடியாதா?"

"முடியும். நானும் நீயும் கூடப் பிறந்தவங்க, நம்ம ரத்தத்துல பாதி ஒத்துப்போகும். மூணாவது குழாய் மத்த மூணுல எதோடயாவது பாதி ஒத்துப்போகுதான்னு கம்ப்யூட்டரைக் கேட்டா ஒரு நிமிஷத்துல சொல்லிடும். ஒத்துப்போனா நீ. போகலைன்னா அவர்."

"கேட்டியா?"

"இல்ல. யாருன்னு தேட மாட்டேன்னு எழுதிக் குடுத்துத்தானே உங்ககிட்ட ரத்தம் வாங்கினேன்."

"அது மட்டும்தான் காரணமா?"

நடை நின்றது. "பட்டன்கிட்ட விரலைக் கொண்டு போறேன்டா. உடனே மனசு, கடவுளே, இந்த ஆளா இருக்கக் கூடாதுன்னு ஒருத்தரைச் சொல்லுது. ஒருத்தர் இல்லைன்னு வேண்டிக்கிட்டா, இன்னொருத்தர்னு வேண்டிக்கிட்டதாத்தானே அர்த்தம்?"

"யாரைச் சொல்லுது?"

"கேக்காதே."

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பது ஒரு பக்கம். முப்பது வருஷம் ஒரே தலையணையைப் பங்கு போட்டுக்கொண்டது இன்னொரு பக்கம். நான் கேட்கவில்லை.

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ. அது கணவர். ஒன்றரைப் பக்கம் தடையில்லாமல் வந்தது. மாமா லிஃப்ட் பரிசோதகர். ஒருநாள் ஏழாவது மாடியில், படியேறாமலே அவருக்கு மூச்சு வாங்குகிறது. விஞ்ஞானி கட்டிலருகே உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொள்கிறாள். நல்ல நடை என்று எனக்கே பட்டது.

ஆ. அது தம்பி. அவன்—

இ. அவள் எல்லாத் தரவையும் அழித்துவிட்டு—

(இது நடக்காது. சாகிற நேரத்திலும் அக்கா தரவை அழிக்க மாட்டாள்.)

அக்கா நின்றுகொண்டே படித்தாள். கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

"உன் மாமாவுக்கு ஒன்றரைப் பக்கம். உனக்கு ஒரு வார்த்தை, ஒரு கோடு."

மாமா என் ஒவ்வொரு புத்தகத்திலும் பத்துப் பிரதி வாங்கி, பரிசோதிக்கப் போகிற கட்டடங்களில் எல்லாம் கொடுப்பவர். ஒன்றையும் படித்ததில்லை. எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை.

"விடுடா. இதுக்குத்தான் உன்கிட்ட குடுத்தேன். நான் ஒருத்திதான் இப்படி இருக்கேனான்னு தெரிஞ்சுக்கணும்."

6

இதற்கு மேல் நான் எதையும் கற்பனை செய்யவில்லை.

வயதாகிவிட்டது, இனி வருஷா வருஷம் ரத்தம் பார்க்க வேண்டும் என்று அக்கா இரண்டு பேரையும் விரட்டினாள். காரணம் சொல்லவில்லை. மாமா முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பக்கத்துத் தெரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நீல பெஞ்சில் அவரும் நானும் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். அக்கா வாசலுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"ஏன் இவ இப்படிப் பறக்குறா?" என்றார் மாமா. "குத்தப் போறது நம்மளை."

"அவ சுபாவம் மாமா."

"புதுசா ஏதோ கதை எழுதுறியாமே? நான் வர்றேனா அதுல?"

"வர்றீங்க."

"அட! கடைசியில எனக்கு என்ன ஆகுது?"

வாயைத் திறந்தேன். அதற்குள் நர்ஸ் திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு பேர்ல யாரு முதல்ல வர்றீங்க?"

அக்கா நடப்பதை நிறுத்திவிட்டாள். இரண்டு பேரையும் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

நானும் மாமாவும் இன்னும் அந்த பெஞ்சில்தான் இருக்கிறோம். மூன்றாம் பகுதியிலிருந்தே உங்கள் மனதிலும் ஓர் ஆள் இருந்திருப்பார், அவராக இருந்துவிட்டுப் போகட்டும் என்று. யார் என்று என்னிடம் சொல்ல வேண்டாம். நர்ஸ் காத்திருக்கிறாள், அவளிடம் சொல்லுங்கள்.